வேலுத்தாய்க்கு எத்தனை கிலோ

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கத்தரீனாள் பெரியம்மா தன்னுடைய எடையைக் காதில் வாங்கி நான் பார்த்ததில்லை. பையைத் தராசில் வைப்பாள். சூப்பர்வைசர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் பையை உருவிக்கொண்டு ஓரமாக வந்துவிடுவாள். ஆனால் அங்கிருந்து போக மாட்டாள். தலையில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டத் தொடங்குவாள். முடிச்சு சரியாக விழாது. இன்னொரு தடவை அவிழ்ப்பாள். வரிசை நகர்ந்து, "வேலுத்தாய், நாப்பத்தொண்ணு" என்று குரல் கேட்ட பிறகுதான் அந்த முடிச்சு ஒரே இழுப்பில் விழும்.

கொட்டகையைத் தாண்டித்தான் எங்கள் லயத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருந்து கல்லூரி முடிக்கும்வரை எத்தனையோ சாயங்காலங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில், பெரியம்மாவின் முடி வழுக்கும் போலிருக்கிறது, அதனால்தான் துணி நிற்கவில்லை என்று நினைத்தேன். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த அன்றுதான் எனக்கு அது புரிந்தது. என் எண்ணைத் தேடுவதற்கு முன் நான் டின்டு என்ற வகுப்புத் தோழியின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா எனக்குச் சொந்தம் இல்லை, பக்கத்து வீடு. மலையாளத்துப் பக்கம், சூரியநெல்லிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து வீடுகள் கொண்ட லயம். மூன்றாம் வீடு வேலுத்தாய் அத்தையுடையது. ஆறாவது எங்களுடையது. ஏழாவதில் பெரியம்மாவும் அவள் கணவர் சூசையப்பனும். சூசையப்பன் பெரியப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். நாள் முழுக்க மின்விசிறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருவதால் வீட்டில் பேசுவது குறைவு. பெரியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அவளுக்கும் வேலுத்தாய் அத்தைக்கும் ஒரே நாளில்தான் வேலை நிரந்தரமானது. பதிவேட்டில் அத்தைக்கு முதல் எண், இவளுக்கு அடுத்தது. "அன்னைக்கே ஆரம்பிச்சிட்டு" என்பாள் பெரியம்மா. எஸ்டேட்டில் ஆண்டுதோறும் கொழுந்து பறிக்கும் போட்டி உண்டு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அத்தைக்கு முதல் பரிசாக பிரஷர் குக்கர் கிடைத்தது. பெரியம்மாவுக்கு இரண்டாம் பரிசு ஹாட்பாக்ஸ். மூன்று ஹாட்பாக்ஸும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் மாதா படத்துக்குக் கீழே அடுக்கி இருக்கும். ஒருநாள், "இட்லி வைக்க எடுத்துக்கிடட்டுமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. அது கண்ணு முன்னால இருக்கணும்."

அத்தை கெட்டவளாக இருந்திருந்தால் பெரியம்மாவின் பாடு எளிதாக இருந்திருக்கும். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய மாதம், குனிந்து நிமிர முடியாமல் பாதிப் பைதான் நிரம்பியது. அத்தை தன் பையிலிருந்து இரண்டு கை, மூன்று கை என்று கொழுந்தை அள்ளி இவள் பையில் போட்டுவிட்டுத்தான் தராசுக்குப் போவாள். அப்படிப் போட்ட பிறகும் அத்தையின் எடைதான் அதிகம். பெரியம்மாவால் மறக்க முடியாமல் போனது இதைத்தான். "அள்ளிக் குடுத்த பிறகும் அவளுக்கு முப்பத்தாறு" என்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்வாள். நன்றி சொல்வது போலவும் இருக்கும், திட்டுவது போலவும் இருக்கும்.

பஞ்சாயத்துத் தேர்தலிலும் இதே வரிசைதான். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட முதல் முறை கட்சி வேலுத்தாய் அத்தையை நிறுத்தியது. கட்சிக்காரர்கள் எப்போதும் இரண்டு பேரை மனுக் கொடுக்க வைப்பார்கள். முதல் ஆளின் மனு பரிசோதனையில் தள்ளிப்போனால் இரண்டாம் ஆள் நிற்கலாம். முதல் மனு ஏற்கப்பட்டால் இரண்டாம் ஆள் தன் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். அந்த இரண்டாம் ஆளுக்கு எங்கள் பக்கம் டம்மி என்று பெயர். பெரியம்மா இரண்டு தேர்தலில் டம்மி. மனுவைத் திரும்பப் பெறப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகும்போது கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுச் சேலை கட்டுவாள். "வாபஸ் வாங்கதுக்கு எதுக்கு பட்டு?" என்று லயத்தில் கேலி செய்வார்கள். "என் பேர அங்க மைக்குல வாசிப்பாங்கல்ல" என்பாள்.

மனுவில் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். முதல் தேர்தலிலேயே அத்தை ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டாள். "எனக்கு நீ போடு, ஒனக்கு நான் போடுறேன். மூணாம் மனுஷி எதுக்கு?" அத்தையின் மனுவை முன்மொழிந்தவள் பெரியம்மா. பெரியம்மாவின் மனுவை முன்மொழிந்தவள் அத்தை. முதல் முறை அத்தை பதினான்கு ஓட்டில் தோற்றாள். அடுத்த முறை ஜெயித்து மெம்பர் ஆனாள்.

மூன்றாவது தேர்தலுக்கு முன் வார்டுகளைப் புதிதாகப் பிரித்தார்கள். எங்கள் எட்டாம் வார்டு மறுபடியும் பெண்களுக்கு வந்தது. யாரை நிறுத்துவது என்று பேச, கட்சியின் கிளைச் செயலாளர் பாண்டித்துரை அண்ணன் வீட்டில் கூட்டம் நடந்தது. நானும் போனேன். ஏன் போனேன் என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை. லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வயது இருபத்திரண்டு. ரேஷன் கார்டு, பென்ஷன், ஆதார் எல்லாவற்றுக்கும் ஆட்கள் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

"இந்தத் தடவ புதுமுகம் வேணும்னு மேலேருந்து சொல்லுறாங்க" என்று தொடங்கினார் பாண்டித்துரை அண்ணன். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பழைய முகத்துக்கே கொஞ்சம் பவுடர் போட்டாப் போச்சு" என்றாள் வேலுத்தாய் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே வேட்பாளர் முடிவாகிவிட்டார்.

"டம்மிக்கு?"

"கத்தரீனா இருக்காள்ல. அவளுக்குத்தான் அது பழக்கம்" என்றாள் அத்தை. பெரியம்மாவும் சிரித்தாள்.

"அப்பறம் நம்ம சிஞ்சு" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ள. மனுப் பாரத்த எழுதிக் குடுக்கட்டும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அத்தையின் மேல் மட்டும் பொறாமை இல்லை. டம்மியின் மேலும் பொறாமையாக இருந்தது. டம்மியாகக்கூட என் பெயர் யாருடைய வாயிலும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் அத்தையின் மனுவை எழுதினேன். முன்மொழிபவர் பகுதிக்கு வந்ததும் பெரியம்மா மணிபர்சைத் திறந்து மங்கிப்போன வாக்காளர் சீட்டு ஒன்றை எடுத்தாள். "எட்டாம் வார்டு, இருநூத்தாறு" என்று வாசித்தாள். எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அத்தை தன் மனுவிலும், வெறுமையாக இருந்த பெரியம்மாவின் மனுவில் முன்மொழிபவர் இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். "அடுப்புல கறி கெடக்கு, நீங்க எழுதுங்கத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு பெரியம்மாவின் மனு. வேட்பாளரின் சொந்த வாக்காளர் விவரம் வேண்டும். அவள் மறுபடியும் மணிபர்சைத் திறந்தாள். இந்த முறை வந்தது பழைய சீட்டு இல்லை. நோட்டில் கிழித்த காகிதத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். "ஒம்பதாம் வார்டு, முந்நூத்திப் பதினெட்டு."

எழுதினேன். அத்தையின் மனுவில் அதே கத்தரீனாள் எட்டாம் வார்டில் இருந்தாள். அந்த மை இன்னும் முழுதாகக் காயவில்லை.

புதிய வாக்காளர் பட்டியல் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எல்லைக்கோட்டை எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைபடத்தில் போட்டவர்கள், எங்கள் லயத்தின் நடுவில் இறங்கும் படிக்கட்டை எல்லையாக்கி இருந்தார்கள். முதல் ஐந்து வீடு எட்டாம் வார்டு. ஆறிலிருந்து ஒன்பதாம் வார்டு. என் ஓட்டும் ஒன்பதுக்குப் போயிருந்தது, அது எனக்குத் தெரியும். லயத்தில் மற்றவர்களுக்கு இது தோன்றவே இல்லை. எங்களுக்கு லயம் என்றால் ஒன்றுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பத்து அடுப்பும் அணையும். அதை இரண்டாகப் பிரிக்க முடியும் என்று யார் நினைப்பார்கள்? ஐந்து ஆண்டு மெம்பராக இருந்த அத்தையும் நினைக்கவில்லை. வேட்பாளர் பஞ்சாயத்தில் எந்த வார்டில் இருந்தாலும் நிற்கலாம், அதனால் பெரியம்மாவின் மனுவுக்குப் பழுதில்லை. முன்மொழிபவர் மட்டும் அதே வார்டில் இருக்க வேண்டும்.

என் பேனா நின்றிருக்க வேண்டும். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, பேனா எழுதலையா?"

"எழுதுது பெரியம்மா."

அவ்வளவுதான் பேசினோம். நான் பேனாவை மூடினேன். அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், எனக்கு என்ன தெரியும் என்று நினைத்ததாக அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நேரத்தில் நான் நினைத்தது பவுடரைப் பற்றி, எல்லோரும் சிரித்த சிரிப்பைப் பற்றி.

பரிசோதனை அன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். வேலுத்தாய் அத்தையின் மனுவை எடுத்ததும் எதிர்த் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, முன்மொழிந்தவர் இந்த வார்டில் இல்லை என்றார். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். எட்டாம் வார்டின் இருநூற்றாறாம் எண்ணில் யாரோ ஓர் ஆணின் பெயர் இருந்தது.

"சாரே, அவ இந்தா நிக்கா. நேர்லயே கேளுங்க" என்றாள் அத்தை.

"ஆளுண்டு அம்மே. ஆளு வார்டில் இல்ல" என்றார் அதிகாரி.

"ஒரே தகரத்துக்குக் கீழ ரெண்டு வார்டா? எங்கயாச்சும் உண்டா இது?"

அதிகாரி மனுவின் மேல் எழுதினார். தள்ளுபடி. அடுத்த மனு கத்தரீனாள். முன்மொழிந்தவர் வேலுத்தாய், எட்டாம் வார்டு, எண் சரி, கையெழுத்து சரி. ஏற்கப்பட்டது. அத்தையின் கையெழுத்து பெரியம்மாவைத் தூக்கி நிறுத்தியது. பெரியம்மாவின் கையெழுத்து அத்தையைத் தள்ளிவிட்டது. அதிகாரி ஒலிபெருக்கியில் பெயரை வாசித்தபோது பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அவள் பட்டுச் சேலை கட்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் பாண்டித்துரை அண்ணன் என் மேல் பாய்ந்தார். "படிச்சவதான நீ? பட்டியலப் பாத்து எழுதத் தெரியாது?"

"அவள ஏன் வையுதிய?" என்று குறுக்கே வந்தாள் பெரியம்மா. "பழைய சீட்டக் குடுத்தது நான். என்னைய வையுங்க."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அத்தை கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போகுது விடுடி கத்தரீனா. எவ நின்னா என்ன, நம்ம லயந்தான நிக்குது. கட்சிச் சின்னத்த இவளுக்கு வாங்குற வேலயப் பாரு தொர" என்றாள்.

மறுநாளிலிருந்து அத்தை இல்லாத பிரச்சாரம் இல்லை. கட்சி போஸ்டரில் பெரியம்மாவின் முகம் வந்தது. தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்ததை அவள் நின்று பார்த்ததைப் பார்த்தேன். "என் மூக்கு இப்படியாட்டி இருக்கு?" என்று கேட்டாலும், அங்கிருந்து நகர அவளுக்கு மனமில்லை. ஆனால் மேல் லயங்களுக்கு ஏறிப் போனால் கதவுகள் அத்தைக்காகத்தான் திறந்தன. "வாங்க மெம்பரே" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அத்தை, "இந்தா, ஸ்தானார்த்தி இவதான். எனக்குப் போடுற ஓட்ட இவளுக்குப் போடுங்க" என்பாள். பின்னால் நின்ற பெரியம்மா கும்பிடுவாள்.

ஒரு லயத்தில் ஒரு கிழவி ஓடிவந்து மாலையை அத்தையின் கழுத்தில் போட்டுவிட்டாள். "எனக்கில்ல ஆத்தா, இவளுக்கு" என்று அத்தை அதைக் கழற்றி பெரியம்மாவின் கழுத்தில் போட்டாள். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஜீப்பில் இறங்கி வரும்போது பெரியம்மா மாலையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"வச்சுக்க. அவ கழுத்துச் சூடு இன்னும் இருக்கு அதுல."

ஓட்டு எண்ணும் நாளில் பெரியம்மா நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். வெடி போட்டார்கள். அத்தைதான் முதலில் கட்டிப்பிடித்தாள். பெரியம்மாவின் முகம் ஒரு கணம் சின்னப் பெண்ணின் முகமாக மாறியது. அந்தக் கணத்தை நான் பார்த்தேன். பார்த்து, எனக்கும் அவள் மேல் ஒரு பொறாமை எழுந்ததையும் கவனித்தேன். பிறகு அவள் பாண்டித்துரை அண்ணனின் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"போன தடவ வேலு எத்தனையில ஜெயிச்சா?"

"நூத்திப்பன்னெண்டு. எதுக்குக்கா?"

"சும்மாதான்."

சேலை முந்தானையை எடுத்து உதறினாள். இடுப்பில் சொருகினாள். சரியாக இல்லை என்று உருவி மறுபடி சொருகினாள்.

பதவி ஏற்று ஒரு வாரம் இருக்கும். கிறிஸ்துமஸ் கழிந்திருந்தது. பஞ்சாயத்திலிருந்து வந்த காகிதம் ஒன்றை வாசிக்கச் சொல்லி வீட்டுக்கு வந்தாள். மலையாளத்தில் இருந்ததை வாசித்து அர்த்தம் சொன்னேன். காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"பெரியம்மா, ஒங்களுக்குத் தெரியும்தான?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "தெரியும். ஒனக்கும் தெரியும்லா" என்றாள்.

அவளே பேசினாள்.

"திருநாளுக்கு முன்னால பாவசங்கீர்த்தனத்துல பங்குச் சாமியார்ட்ட சொல்லிட்டேன். நானா கேட்டேன், அம்பத்துமூணு மணி ஜெபமாலை ஒம்போது நாளு சொல்லட்டுமான்னு. அதெல்லாம் வேண்டாம், அந்த அம்மாகிட்ட நேர்ல போயி சொல்லு, அதான் ஒனக்கு பரிகாரம்னுட்டார்."

"சொன்னீங்களா?"

"ஒம்போது நாளும் ஜெபமாலை சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு வெட்கமாகவும் இருந்தது. நான் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஜெபமாலைகூடச் சொல்லவில்லை. "வாங்க பெரியம்மா, ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிரலாம். எழுதினது நான்தான. நான் முதல்ல ஆரம்பிக்கேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சொல்லப்பிடாது. இது எனக்குக் குடுத்த பரிகாரம். நீ முந்திக்கிட்டு போயிச் சொல்லிட்டேன்னா, அதுலயும் நான் ரெண்டாவதா?"

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்தக் கேள்வியை என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மெம்பர் ஆனாலும் பெரியம்மா காட்டு வேலையை விடவில்லை. பஞ்சாயத்துக் கூட்டம் இல்லாத நாட்களில் கொழுந்துக்குப் போகிறாள். புத்தாண்டு முடிந்ததும் அத்தையிடம் சொல்கிறேன் என்றாள். பிறகு தவக்காலத்தில் என்றாள். பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் போய்விட்டன. இதற்கிடையில் அத்தை வீட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தாள், கேட்காமலே. சாக்கடைக்கு மூடி போட்டுக் கொடுத்தாள். அத்தை லயம் முழுக்க, "எம் மெம்பர் மாதிரி உண்டா?" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெரியம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் எதையாவது எடுத்து உதறுகிறாள்.

போன வாரம் நான் கொட்டகையைத் தாண்டும்போது எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. "கத்தரீனாள், முப்பத்தஞ்சு." பெரியம்மா பையை உருவிக்கொண்டு ஓரமாக வந்து தலைத்துணியை அவிழ்த்தாள். நானும் நின்றேன்.

"வேலுத்தாய், முப்பத்திரெண்டு."

இத்தனை ஆண்டுகளில் அப்படி ஓர் எண்ணை நான் கேட்டதில்லை. சூப்பர்வைசரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அத்தை பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தாள். "மெம்பருக்கு வயசு கொறயுது, எனக்குக் கூடுதுடி. முட்டி வலி ஏற விடல."

பெரியம்மாவின் கையில் துணி அப்படியே இருந்தது. அவள் அதைக் கட்டவில்லை.

"வேலு" என்றாள்.

"என்னடி?"

பெரியம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"தலையெல்லாம் நனைஞ்சிருக்கு ஒனக்கு" என்று சொல்லி, பெரியம்மா தன் கையிலிருந்த காய்ந்த துணியை அத்தையின் தலையில் போட்டுக் கட்டிவிட்டாள். முடிச்சு முதல் இழுப்பிலேயே விழுந்தது. இருவரும் லயத்தைப் பார்த்து நடந்தார்கள். சாமியார் கொடுத்த பரிகாரம் இன்னும் பாக்கி.